தண்ணி டியூப்ல என்னய்யா இருக்கு?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. செமஸ்டர் கடைசியில ப்ரொஃபசர் கொடுத்த ஆணி அத்தனையும் புடுங்கி முடிச்சுட்டு இப்பதான் கொஞ்சம் மூச்சு விடறேன்.

டிஸ்கி: இது தண்ணி டியூப் பத்தின பதிவு. யூ-டியூப்னு நினைச்சு வந்தவங்களும், 'தண்ணி'ன்னதும் வேற எதையோ நினைச்சு வந்தவங்களும் மன்னிக்கவும். "டியூபுக்கெல்லாம் ஒரு பதிவா?"ன்னு ஓடிடாதீங்க. போன வருஷம் மே மாசம் வரைக்கும் நானும் அப்படிக் கேக்கிற ஜாதிதான்.

முதல்ல ஊர்ல இருக்கற மக்களுக்கு: ஆர்.வி.ங்கறது சக்கரம் வச்ச வீடு. ஒரு பெரிய வேனுக்குள்ள கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், கக்கூஸ், குளிக்கிற இடம் எல்லாத்தையும் திணிச்சு வச்சிருப்பாங்க. ராத்திரி தங்கறதுக்குன்னு ஊரூரா ஆர்.வி. பார்க் இருக்கும். நமக்குன்னு ஒதுக்கின இடத்துல ஒரு கரண்டு கம்பம், ஒரு தண்ணிக் குழாய், தரையில ஒரு சாக்கடைக் குழி. மூணையும் வண்டியோட இணைச்சா அதுக்குப் பேரு 'ஃபுல் ஹூக்கப்'. கரண்டு ஒயர் வண்டியிலேயே இருக்கும். சாக்கடைக்கு மூணு அங்குலத்துல ஒரு கொசகொச குழாய். தண்ணிக்கு? அங்கதான் நம்ம கதாநாயகன் வர்றார். இங்க ஓஸ்ம்பாங்க, எங்க மதுரைப் பக்கம் டியூப். நான் டியூப்னே சொல்லிட்டுப் போறேன்.

போன மே மாசம் பரீட்சை முடிஞ்ச கையோட ஃபீனிக்ஸ்ல ஒரு ஆர்.வி. வாடகைக்கு எடுத்தோம். எங்க டிபார்ட்மெண்ட்ல போஸ்ட்-டாக் பண்ற அண்ணன், அண்ணி, அவங்க ஏழு மாசப் பாப்பா, என் ரூம்மேட், நான். கிராண்ட் கேன்யன்ல மூணு நாள், அப்புறம் பேஜ் ஊர்ல ரெண்டு நாள். கணக்கு வழக்கு என் பொறுப்பு. ஸ்டூடண்ட் கையில கணக்குப் புத்தகம் கொடுத்தா என்ன ஆகும்? ஒவ்வொரு டாலருக்கும் ஒரு பஞ்சாயத்துதான்.

வாடகை வண்டியோட டிக்கியைத் திறந்து பார்த்தா ஒரு பழைய டியூப் இருந்தது. சாக்கடைக் குழாய் கிடந்த அதே பெட்டிக்குள்ள, அதோட பின்னிப் பிணைஞ்சு கிடந்தது. அண்ணி மூக்கைப் பிடிச்சுக்கிட்டு "தம்பி, இது வேணாம், புதுசா ஒண்ணு வாங்கிடுவோம்"னாங்க. சரின்னு நான் ஒரு கடைக்குப் போனேன். தோட்டத்துச் சாமான் இருக்கற பக்கம் நுழைஞ்சேன். அங்க ஒரு டியூப், தண்ணி திறந்தா மூணு மடங்கு நீளுமாம், மூடினா பாம்பு மாதிரி சுருங்கிக்குமாம். எடையே இல்லை, பைக்குள்ள அடங்கிடும். அட்டையில கொட்டை எழுத்துல 'சூப்பர் ஃப்ளெக்ஸிபிள்'. விலையும் குறைச்சல். பக்கத்து டியூபெல்லாம் மலைப்பாம்பு மாதிரி கிடக்க, இது மட்டும் கைக்குட்டை மாதிரி மடங்குது. யோசிக்காம எடுத்துட்டேன். 'நீ புத்திசாலிடா'ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டது தனிக் கதை.

கிராண்ட் கேன்யன் தென் விளிம்புல ட்ரெய்லர் வில்லேஜ்னு ஒரு இடம். ஃபுல் ஹூக்கப் உண்டு. சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம், டியூபை மாட்டினேன், சும்மா விறுவிறுன்னு நீண்டுச்சு. எல்லாரும் கைதட்டாத குறை. ராத்திரி முழுக்க அது அப்படியே குழாய்ல மாட்டினபடி, தண்ணி நிறைஞ்சு, புடைச்சுக்கிட்டுக் கிடந்தது. காலையில டீ போட்டோம். புது ரப்பர் செருப்பை நக்கின மாதிரி ஒரு ருசி. "மலை மேல தண்ணி இப்படித்தான் இருக்கும் போல"ன்னு ரூம்மேட் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

அண்ணி பாப்பாவுக்குப் பவுடர் பால் கலந்துக்கிட்டிருந்தாங்க. சிங்க் ஓரத்துல நான் போட்டு வச்சிருந்த டியூப் அட்டையைக் குப்பையில போடறதுக்காக எடுத்தவங்க, பின்பக்கத்தைப் படிச்சாங்க. "தம்பி, இதுல என்னமோ போட்டிருக்கே, பாத்தீங்களா?"

எறும்பு சைஸ் எழுத்துல ரெண்டு விஷயம் இருந்தது. ஒண்ணு, குடிக்கிற தண்ணிக்குப் பயன்படுத்தாதீங்க. ரெண்டு, கலிஃபோர்னியா மாநிலத்தோட எச்சரிக்கை: இதுல ஈயம் உள்ளிட்ட வேதிப்பொருள் இருக்கலாம், பிறப்புக் குறைபாடு உண்டாக்கலாம்.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு பாட்டில், ராத்திரி ஒண்ணு. இப்ப மூணாவது பாட்டில் அவங்க கையில. ஒண்ணும் சொல்லாம அதை சிங்க்ல கொட்டினாங்க. அண்ணன் "கொதிக்க வச்ச தண்ணிதானே, ஒண்ணும் ஆகாது"ன்னார். எனக்கு டீ உள்ள இறங்கலை.

நான் ஓடிப்போய் வில்லேஜ் கடையில கேலன் கேனா தண்ணி வாங்கிட்டு வந்தேன். மூணு நாளும் குடிக்க, சமைக்க அதுதான். பேஜ் போனதும் ஒழுங்கான டியூப் வாங்கினோம். ஊருக்குத் திரும்பினதும் டாக்டர் பாப்பாவுக்கு ரத்தத்துல ஈயம் இருக்கான்னு பார்த்தார். பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லைன்னார். ரெண்டு பாட்டில்ல பெருசா ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் தூங்கின தூக்கம் தூக்கமில்லை. அதுக்கப்புறம்தான் இந்த டியூப் விஷயத்தைத் தோண்டித் துருவிப் படிச்சேன். படிச்சதுல வந்த கருத்துதான் இந்தப் பதிவு.

என் கட்சி இதுதான்: ஆர்.வி.க்கு டியூப் வாங்கும்போது 'எவ்வளவு வளையுது'ங்கறது முதல் கேள்வியே இல்லை. 'எதனால வளையுது'ங்கறதுதான் முதல் கேள்வி. குடிதண்ணிக்குன்னு சோதிச்சுச் சான்று கொடுக்காத டியூபை ஓசியில கொடுத்தாலும் மாட்டாதீங்க.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. நாங்க போன சமயம் தென் விளிம்புல எங்க குழாய்க்கு வந்த தண்ணி எங்கிருந்து வந்ததுன்னு நினைக்கிறீங்க? எதிர்ப்பக்கம், வடக்கு விளிம்புக்குக் கீழ ரோரிங் ஸ்பிரிங்ஸ்னு ஒரு ஊற்று. அங்கிருந்து 1960-கள்ல போட்ட பன்னிரண்டரை மைல் குழாய் வழியா, பள்ளத்தாக்குக்குள்ள இறங்கி, கொலராடோ ஆத்தைத் தாண்டி, இந்தப் பக்கம் ஏறி வருது. அந்தக் குழாய் அடிக்கடி உடையும். 2024 ஆகஸ்ட் கடைசியில அடுத்தடுத்து உடைஞ்சதுல தென் விளிம்பு விடுதிகள்ல ராத்திரி யாரும் தங்கக் கூடாதுன்னு மூடவே வேண்டியதாப் போச்சு. அவ்வளவு பாடுபட்டு, சுத்திகரிச்சு, எங்க இடத்துக் குழாய் வரைக்கும் நல்ல தண்ணியைக் கொண்டாந்து விட்டிருக்காங்க. கடைசி 50 அடியில அதைக் கெடுத்த புண்ணியவான் நான்.

சரி, மேட்டருக்கு வருவோம். டியூப் எதனால வளையுது?

நம்ம ஊர் வீடுகள்ல பி.வி.சி. பைப் பார்த்திருப்பீங்க. தடி மாதிரி விறைப்பா இருக்கும், வளைச்சா உடையும். தோட்டத்து டியூபும் பெரும்பாலும் அதே பி.வி.சி.தான்! ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம், டியூப்ல சேர்க்கிற இளக்கிப் பொருள், அதாவது பிளாஸ்டிசைசர். இதுல பழைய, மலிவான குடும்பம் தாலேட்டுகள். அது பி.வி.சி.யோட கெட்டியா ஒட்டிக்கிறதில்லை, உள்ள ஊறித்தான் கிடக்கும். சூடு பட்டா, நாளானா, மெதுவா வெளிய வரும். பழைய டியூப் காலப்போக்குல விறைச்சுப் போறதுக்கு அதுவும் ஒரு காரணம். வெளிய வந்தது எங்க போகும்? உள்பக்கம் வந்ததுக்குத் தண்ணிதானே வழி. ஆக, டியூப்ல மென்மை சும்மா வர்றதில்லை. எதையோ சேர்த்துத்தான் வருது. அது என்னங்கறதுதான் நாம கேக்க வேண்டியது.

அடுத்தது ரெண்டு முனையிலயும் இருக்கற பித்தளை. பித்தளையை லேத்துல சுலபமா கடையறதுக்காக ஈயம் சேர்க்கறது பழைய வழக்கம். அமெரிக்காவுல குடிதண்ணிக் குழாய்ச் சாமானுக்கு 1986-ல ஒரு வரம்பு வச்சாங்க: 8 சதவீதம் வரை ஈயம் இருந்தா அது 'ஈயமில்லாதது'! கேலிக்கூத்துதான். 2011-ல சட்டத்தைத் திருத்தி, 2014 ஜனவரி 4-லேருந்து தண்ணி படற பரப்புல சராசரி 0.25 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு ஆக்கினாங்க. நல்ல விஷயம். ஆனா அதே சட்டத்துல ஒரு விலக்கு: பாசனம், தோட்டத்துக்குத் தண்ணி விடறது மாதிரி, குடிக்காத வேலைக்கு மட்டும் பயன்படற சாமானுக்கு இந்த வரம்பு கிடையாது. அதனால தோட்டத்து டியூப் செய்யறவர் சட்டத்தை மீறவே இல்லை. 'இது குடிக்க இல்லை'ன்னு அட்டைக்குப் பின்னாடி எழுதிட்டு அவர் தப்பிச்சுட்டார். மாட்டிக்கிட்டது படிக்காத நான்.

மிச்சிகன்ல ஆன் ஆர்பர் ஊர்ல எகாலஜி சென்டர்னு ஒரு அமைப்பு இந்தத் தோட்டத்து டியூபுகளை 2012-லயும் 2016-லயும் வாங்கிச் சோதிச்சுப் பார்த்தாங்க. ஈயம், தாலேட் எல்லாம் பல டியூப்கள்ல இருந்தது. டியூபுக்குள்ள தண்ணி நிரப்பி வெயில்ல போட்டு, அந்தத் தண்ணியையும் சோதிச்சாங்க. வெயில்ல நின்ன தண்ணி! ஆர்.வி. டியூபோட பொழப்பே அதுதானே. செடிக்குத் தண்ணி விடற டியூப்ல பத்து நிமிஷம் தண்ணி ஓடும், அப்புறம் மூடிடுவோம். ஆர்.வி.யில மாட்டின டியூப்ல 24 மணி நேரமும் அழுத்தத்தோட தண்ணி நிக்கும். நாம தூங்கற எட்டு மணி நேரமும் அது உள்ள ஊறும். விடிஞ்சதும் முதல் தண்ணி எதுக்குப் போகும்? காப்பிக்கும் டீக்கும். எங்க வண்டியில பாப்பா பாட்டிலுக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 5/8 அங்குலம் உள்விட்டம், 50 அடி நீளம் உள்ள டியூபுக்குள்ள நிக்கிற தண்ணி ஏறக்குறைய 3 லிட்டர். அரை அங்குலம், 25 அடின்னா ஒரு லிட்டர். ராத்திரி ஊறின தண்ணி அவ்வளவு.

இனி எங்க செட்ல வந்த வாதங்களையும் பார்த்துடுவோம். பின்னூட்டத்துலயும் இதேதான் வரும்னு தெரியும், ஹிஹி.

"நாங்கள்லாம் பச்சை டியூப்ல குடிச்சு வளர்ந்தவங்கய்யா!"

நானும்தான். எங்க தெருவுல கார்ப்பரேஷன் குழாய்ல பச்சை டியூபைச் சொருகி, தொட்டி நிரப்பி, அதுலேருந்து குடத்துல மொண்டு குடிச்சு வளர்ந்தவன்தான். ஒண்ணும் ஆகலைன்னு எப்படித் தெரியும்? ஈயம் வயித்துவலி வந்து உடனே காட்டிக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை. குழந்தைகளோட மூளை வளர்ச்சியைத்தான் அது தொடும். அமெரிக்காவுல குடிதண்ணியில ஈயத்துக்கு வச்சிருக்கற இலக்கு பூஜ்யம். இவ்வளவு இருந்தா பாதகமில்லைன்னு ஒரு அளவை யாரும் காட்ட முடியலைங்கறதுதான் அதுக்கு அர்த்தம். தவிர, ஊர்ல வேற வழி இல்லாம குடிச்சோம். இங்க பத்துப் பதினஞ்சு டாலர் வித்தியாசத்துல வழி இருக்கு.

"கொதிக்க வச்சா சரியாயிடும்."

நம்ம ஆளுங்க ரத்தத்துல ஊறின நம்பிக்கை இது. கிருமிக்குச் சரி. ஈயம் கிருமி இல்லை, சாகறதுக்கு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணிதான் ஆவியாகும், ஈயம் அப்படியே உக்காந்திருக்கும். இருக்கற கொஞ்சத் தண்ணியில அதோட விகிதம் கூடத்தான் செய்யும். அண்ணனும் நானும் ரெண்டு பேருமே எஞ்சினியரிங் படிச்சவங்க. இது எங்களுக்கு அந்தக் காலையில தோணலை பாருங்க!

"ஃபில்டர் மாட்டினாப் போச்சு."

பாதி சரி. ஆர்.வி.காரங்க டியூபோட சேர்த்து மாட்டற ஃபில்டர்ல பலதும் குளோரின் வாடை, ருசிக்காக இருக்கற கரித்தூள் ஃபில்டர். ஈயத்தைக் குறைக்கும்னு சொல்லணும்னா என்.எஸ்.எஃப்./ஏன்சி 53-ங்கற தரத்துல ஈயத்துக்குன்னு சான்று இருக்கணும். இன்னொண்ணு, பலர் ஃபில்டரைப் பார்க் குழாய்கிட்ட மாட்டிட்டு அதுக்கப்புறம் டியூபை மாட்டறாங்க. தண்ணியைச் சுத்தம் பண்ணி, அப்புறம் டியூபுக்குள்ள விட்டா என்ன பிரயோஜனம்? குளிச்சுட்டுச் சேத்துல இறங்கின கதை. மாட்டறதா இருந்தா வண்டிப் பக்க முனையில மாட்டுங்க.

"அப்ப வெள்ளை டியூப் வாங்கிட்டாப் போதும்தானே?"

போதாது. குடிதண்ணி டியூப் வெள்ளையாவோ நீலமாவோ இருக்கறது ஒரு வழக்கம், அவ்வளவுதான். நிறம் சான்று இல்லை. அட்டையில இருக்கற வார்த்தைங்களையும் பிரிச்சுப் படிங்க. 'ஈயமில்லா முனை'ன்னா முனைக்கு மட்டும்தான் பேச்சு. 'பி.பி.ஏ. இல்லை'ன்னா தாலேட் இல்லைன்னு அர்த்தம் ஆகாது, அது வேற இது வேற. 'உணவுத் தர மூலப்பொருள்'னா உள்ள போட்ட சரக்கு நல்லதுங்கறாங்க, செஞ்சு முடிச்ச டியூப்ல நின்ன தண்ணியைச் சோதிச்சோம்னு சொல்லலை. நாம தேட வேண்டியது என்.எஸ்.எஃப்./ஏன்சி 61. குடிதண்ணி படற சாமானை முழுசா எடுத்து, அதுலேருந்து தண்ணிக்குள்ள என்ன இறங்குதுன்னு பார்க்கற தரம் இது. கூடவே 372-ன்னு இருந்தா ஈய அளவுக்கும் சோதிச்சது. கலிஃபோர்னியா எச்சரிக்கை, அதான் 1986-ல வந்த 'ப்ராப் 65', காப்பிக் கடையில கூட ஒட்டியிருந்ததுன்னு இங்க எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. நானும் பண்ணினேன். டியூப் விஷயத்துல கிண்டல் வேணாம்.

சான்று இருக்கற டியூபுக்குள்ள எது நல்லா வளையும்ங்கறது அடுத்த கேள்வி. இப்ப தாராளமா அதைப் பார்க்கலாம்.

1. குடிதண்ணி பி.வி.சி.: கேம்கோவோட டேஸ்ட்ப்யூர் மாதிரி வெள்ளை டியூபுகள் இந்த வகை. விலை குறைச்சல், கிடைக்கிறது சுலபம். குளிர்ல விறைக்கும். சுருட்டி வைக்கும்போது மடிப்பு விழும், ஒரு தடவை மடிஞ்ச இடத்துலயே திரும்பத் திரும்ப மடியும். எடுத்தவுடனே கொஞ்ச நேரம் வெயில்ல நீட்டிப் போட்டா சொன்னபடி கேக்கும்.

2. பாலியூரிதேன்: எடை குறைவு, குளிர்லயும் வளையும், இளக்கிப் பொருள் தேவைப்படாத சாதி. விலை கூட. சுவர் மெல்லிசா இருக்கற டியூப்னா சுலபமா மடிஞ்சு தண்ணி அடைச்சுக்கும்.

3. துணி உறை போட்டது: ஜீரோ-ஜி மாதிரி. தீயணைப்பு வண்டி டியூப் மாதிரி தட்டையா சுருட்டலாம். பார்க்க நான் வாங்கின நீள்ற டியூப் மாதிரியே இருக்கும், ஆனா இது நீளாது, சுருங்காது. குடிதண்ணிக்குன்னே வர்றதும் உண்டு. அட்டையைப் படிச்சு எடுங்க.

4. நீண்டு சுருங்கற வகை: உள்ள ரப்பர் பலூன் மாதிரி ஒண்ணு, வெளிய துணி. வேலை முடிஞ்சதும் தண்ணியை மூடணும்ங்கற கணக்குல செஞ்சது. நாள் முழுக்க அழுத்தத்துல வச்சா வெடிக்கும். ஆர்.வி.க்கு ஆகாது, ஆகவே ஆகாது. (அனுபவஸ்தன்.)

5. வெளிய ஸ்டீல் சுத்தினது: பார்க்கக் கம்பீரம். தண்ணி படறது உள்ள இருக்கற பிளாஸ்டிக் மேலதான். ஸ்டீலைப் பார்த்து ஏமாறாதீங்க.

நாங்க பேஜ்ல வாங்கினது முதல் வகை. 25 அடி, அரை அங்குலம். அழகு கிடையாது. காலைக் குளிர்ல முறைச்சுக்கிட்டு நிக்கும். ஆனா டீ டீ மாதிரி இருந்தது.

நீளத்துக்கு ஒரு வார்த்தை: 50 அடி ஒண்ணு வாங்கறதுக்குப் பதில் 25 அடி ரெண்டு வாங்குங்க. பெரும்பாலான இடத்துல ஒண்ணே போதும், எட்டாத இடத்துல ரெண்டையும் சேர்த்துக்கலாம். இங்க டியூப் மரை எல்லாம் முக்கால் அங்குலம் ஒரே அளவு, அதனால சேர்றதுல பிரச்சினை வராது. விட்டம், ரெண்டு பேர் போற சின்ன வண்டின்னா அரை அங்குலம் போதும். குடும்பமாப் போறீங்க, டியூபும் நீளம்னா 5/8. குறுக்குப் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல, குளிக்கும்போது வித்தியாசம் தெரியும்.

வாங்கினதுக்கு அப்புறம் செய்ய வேண்டியதையும் சொல்லிடறேன். பிரஷர் ரெகுலேட்டரைப் பார்க் குழாய்ல முதல்ல மாட்டி, அதுக்கப்புறம் டியூப். ஆர்.வி. பைப்புக்கு 40-லேருந்து 60 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான் சௌகரியம், சில பார்க்ல அதுக்கு மேல எகிறும். முதல்ல மாட்டினா டியூபும் பிழைக்கும். ரெகுலேட்டர், ஒய்-இணைப்பு, வளைவு முனை எல்லாமே பித்தளைதான், அதுலயும் ஈயமில்லாததான்னு பாருங்க. நல்ல டியூப் வாங்கிட்டு, தோட்டத்துப் பக்கத்துல ஒரு ஒய் வாங்கி மாட்டினா பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிடும். காலையில முதல் தண்ணியைக் கொஞ்ச நேரம் திறந்து விட்டு, அதைப் பாத்திரம் கழுவப் பிடிச்சுக்குங்க. கிளம்பும்போது டியூப்ல தண்ணியை வடிச்சுட்டு, ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு திருகி வச்சுடுங்க. பூச்சி, தூசி உள்ள போகாது. உறைபனி காலம்னா ராத்திரி கழட்டிடுங்க.

கடைசியா, சாக்கடைக் குழாய் கழுவ வேற நிறத்துல தனி டியூப். அது வேற பெட்டிக்குள்ள. ரெண்டையும் ஒரே பெட்டியில வச்சிருக்கற வாடகை வண்டி கிடைச்சா, டியூபைத் தொடாம உங்களோடதை எடுத்துட்டுப் போங்க.

இதெல்லாம் அமெரிக்காக் கதை. ஆஸ்திரேலியாவுல கேரவன் இழுத்துட்டுப் போற நம்ம மக்கள் ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 4020-ங்கற எண்ணைத் தேடுங்க. இங்கிலாந்துன்னா 'ராஸ்' அங்கீகாரம், ஜெர்மனின்னா கே.டி.டபிள்யூ. பேரு எதுவா இருந்தாலும் கேள்வி ஒண்ணுதான்: இதுல நின்ன தண்ணியைக் குடிக்கலாம்னு யாராவது சோதிச்சுச் சொல்லியிருக்காங்களா?

அந்த ட்ரிப்புக்குப் பெட்ரோல், வாடகை, பார்க் கட்டணம்னு அஞ்சு பேரா நாங்க செலவழிச்சதுல, டியூப்ல நான் மிச்சம் பிடிச்சது பதினோரு டாலர். கணக்குப் புத்தகத்துல இன்னும் இருக்கு. அண்ணி என்கிட்ட ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலை. அடுத்த ட்ரிப் எப்பன்னுகூடக் கேட்டாங்க. போன வாரம் அவங்க வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பாப்பா இப்ப ஓடுது. தண்ணி டம்ளரை எடுத்து என் கையில கொடுத்துட்டுச் சிரிச்சுது. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு அப்ப தோணுச்சு மக்கா.

அந்த நீள்ற டியூப் என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? எங்க அபார்ட்மெண்ட் பால்கனியில ரூம்மேட் ரெண்டு மிளகாச் செடி வச்சிருக்கான். அதுக்கும் அதுல தண்ணி விட மனசு வரலை. வாளிதான்.

உங்க வண்டியில, வீட்டுல என்ன டியூப் இருக்கு? அட்டை இருந்தா பின்பக்கத்தைப் படிச்சுட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.